கலாவும் உறுமியும்

ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. (மாதங்கி அருள்பிரகாசம்) 2005-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரை வைத்தார்: 'அருளர்'. 2007-ல் வந்த இரண்டாவது ஆல்பத்துக்கு அம்மாவின் பெயர், 'கலா'!

அமெரிக்க விசா சிக்கலால் பல நாடுகளில் பதிவு நடந்தது. சென்னையில் உறுமிக் கலைஞர்கள் வாசித்தார்கள். 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' பாடல்களில் அதிர்வது அந்த உறுமிதான். 'பாம்பூ பாங்கா'வில் 'தளபதி' படத்து இளையராஜா இசையும் உண்டு.

மேல்நாட்டு விமர்சகர்கள் கொண்டாடினார்கள். 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை 2007-ன் சிறந்த ஆல்பம் இதுதான் என்றது. அவர்களுக்குப் புதுசாகப் பட்ட அந்தத் தாளம், சாத்தான்குளம் பக்கம் கோயில் கொடை பார்த்தவர்களுக்குப் பழகிய சத்தம்தானே... இங்கே சாமியாட மட்டும் என்று ஒதுக்கிய உறுமி, அங்கே நாளைய இசையாகக் கேட்டது. பாராட்டெல்லாம் பாடகி பெயரில். வாசித்த கைகளுக்கு அதில் எவ்வளவு?