மனோற்றிக் மாவாலையின் மணப்பெண்

கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த நாள்களில், "பேய் உலவும் ஆலை ஒன்று இருக்கிறது மாமா, வாருங்கள் காட்டுகிறேன்" என்று மருமகன் அழைத்தார். பேய்க்கதை கேட்கும் வயதை நான் தாண்டிவிட்டேன். ஆயினும் ஓடும் நீரின் விசையில் இன்றும் மாவரைக்கும் ஆலை என்றதும் புறப்பட்டுவிட்டேன்.

ஒட்டாவாவுக்குத் தெற்கே, றிடோ ஆற்றங்கரையில் இருக்கிறது மனோற்றிக் என்னும் சிற்றூர். அங்கேயுள்ள வற்சன் ஆலை 1860 ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. சுண்ணக்கற் கட்டடம். கட்டியவர்கள் மொஸ் கென்ற் டிக்கின்சன், ஜோசப் மெரில் கரியர் என்ற பங்காளிகள் இருவர். பின்னாளில் கைமாறி, 1946 இல் வாங்கியவரின் பெயரே இன்றுவரை நிலைத்துவிட்டது.

வெளியே பெரிய நீர்ச்சக்கரம் சுழலுமென எதிர்பார்த்துச் சென்றவனுக்கு ஏமாற்றம். சக்கரமே இல்லை. ஆற்றுநீர் கட்டடத்தின் அடியில் புகுந்து அங்குள்ள சுழலிகளைத் திருப்புகிறது. அவற்றின் விசை செங்குத்துத் தண்டுகளாலும் பற்சக்கரங்களாலும் வார்ப்பட்டிகளாலும் மேல்மாடிகளுக்கு ஏறுகிறது. மதகைத் திறந்ததும் காலடிப் பலகைகள் அதிர்ந்தன. கல்லிரண்டும் உராயும் ஓசையோடு இளஞ்சூடான கோதுமை மாவின் வாசனை எழுந்தது. என் சிறுவயதில் எங்கள் ஊர் நெல்லாலையில் நின்றது போலிருந்தது. அங்கே ஓடும் பட்டிக்கு அருகில் செல்லும் பெண்களைப் பார்த்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகும்படி ஆலைக்காரர் சத்தமிடுவார். அந்த அதட்டலின் பொருள் மனோற்றிக்கில்தான் எனக்கு முழுதாக விளங்கியது.

பங்காளி கரியர், முதல் மனைவியை இழந்தவர். 1861 சனவரியில் ஆன் குறொஸ்பி என்ற இளம்பெண்ணை மணந்தார். அதே ஆண்டு மார்ச் மாதம், ஆலையின் முதலாண்டு நிறைவைக் கொண்டாட விருந்தினர் கூடியிருந்தனர். மணப்பெண் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தார். அக்காலத்து அகன்ற பாவாடையின் விளிம்பு சுழலும் தண்டொன்றில் சிக்கியது. தண்டு அவரைத் தூக்கித் தூணில் மோதியது. அக்கணமே உயிர் பிரிந்தது. திருமணமாகி ஏறத்தாழ ஆறு வாரங்கள்.

மேல்மாடி யன்னலில் ஒரு பெண்ணுருவம் தெரிவதாகவும் ஆளில்லா வேளையில் காலடியோசை கேட்பதாகவும் ஊரார் சொல்கின்றனர். நான் எதையும் காணவில்லை. நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு தொழிலக விபத்து, மறைந்தவரின் பெயரோடும் மாதத்தோடும் ஊர் நாவில் வாழ்கிறது. செய்தியாளனான எனக்கு அதுதான் வியப்பு. நாங்கள் எழுதிய விபத்துச் செய்திகளில் எது ஒரு கிழமை தாண்டி நினைவில் நின்றது?

கரியர் ஆலைப் பங்கை விற்றுவிட்டு ஊரைவிட்டு நீங்கினார். 1868 இல் மூன்றாம் மனைவியாக ஹன்னா றைற்றை மணந்தார். அவருக்காக ஒட்டாவா ஆற்றோரம் அவர் கட்டிய மாளிகைக்கு, 'இளைப்பாறும் இடம்' எனப் பொருள்படும் வெல்ஷ் மொழிப் பெயரைச் சூட்டினார். இலக்கம் 24, சசெக்ஸ் வீதி என்றால் உலகுக்கே தெரியும். 1951 முதல் கனடியப் பிரதமர்களின் இல்லமாக விளங்கிய அதே வீடுதான். பழுதடைந்ததால் 2015 இற்குப் பின் எந்தப் பிரதமரும் அங்கு குடியிருக்கவில்லை.

பேயாவதற்கும் ஒரு தகுதி வேண்டும் போலும். முதலாளியின் மனைவி, விருந்தினர் சூழ்ந்த நாள், பட்டாடை என எல்லாம் ஆன் குறொஸ்பிக்கு வாய்த்திருந்தன. ஆனால் இவ்வாலைக்கு நீர்விசை தந்தது றிடோ கால்வாய்த் திட்டம் அல்லவா? 202 கிலோமீற்றர் நீளமான அக்கால்வாய், ஜோன் பை என்ற பிரித்தானியப் படைப் பொறியியலாளரின் தலைமையில் 1826 தொடக்கம் 1832 வரை வெட்டப்பட்டது. அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகளும் பிரெஞ்சுக் கனடியர்களுமே பெரும்பாலும் வெட்டினர். சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டதாக மதிப்பிடுகின்றனர். அவர்களில் பெருந்தொகையினரைக் கொன்றது மலேரியா. பனி உறையும் கனடாவில் மலேரியாவா என்று திகைத்தேன். 1934-35 இல் எங்கள் தீவைச் சூறையாடிய அதே காய்ச்சல். இறந்தவர் பலரின் புதைகுழிக்கு அடையாளக்கல்கூட இல்லை. அவர்களுக்கு எந்த யன்னலிலும் நிற்க உரிமையில்லை.

ஆலையில் ஒரு பொதி மாவு வாங்கினோம். திரும்பும் வழியில், ஒட்டாவா நகரில் கால்வாயின் முதற் பூட்டுகள் படிப்படியாக இறங்கும் இடத்தில் காரை நிறுத்தச் சொன்னேன். கால்வாய்த் தொழிலாளருக்காக 2004 இல் நிறுவிய கெல்ற்றியச் சிலுவை ஒன்று அங்கே நிற்கிறது. மண்வெட்டி, தள்ளுவண்டி முதலியவற்றோடு ஒரு நுளம்பையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். பின்மாலையாகிவிட்டது. மருமகன், "குளிருது மாமா, போவோமா?" என்று இருமுறை கேட்டுவிட்டார்.