மருந்து முந்தியது, விளக்கம் பிந்தியது: டி செல்லின் கால்சியம் வழி

நோய் எதிர்ப்புக்கான வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்கள் முதிர்வது நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில். அந்தச் சுரப்பியால் பெரிதாகப் பயன் இல்லை என்றே 1960 வரை மருத்துவ உலகம் எண்ணியிருந்தது. 1961இல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்து ஒரு நாள்கூட ஆகாத எலிக்குஞ்சுகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். அவை தொற்றுகளுக்கு எளிதில் இரையாயின. வேற்று எலியின் தோலை ஒட்டவைத்தபோது அவற்றின் உடல் அதைத் தள்ளவில்லை. மாற்று உறுப்பை உடல் ஏற்க மறுப்பதில் டி செல்களுக்கு உள்ள பங்கு இவ்வாறுதான் தெரியவந்தது. ஆனால் ஒரு டி செல் தூண்டப்படும்போது அதனுள் நடப்பது என்ன என்பதற்கு விடை கிடைக்க மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. அந்த விடையைக் காட்டிக்கொடுத்தது ஒரு மருந்து.

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் இருந்த சாண்டோஸ் மருந்து நிறுவனத்தில், விடுமுறைக்கு வெளியூர் போகும் ஊழியர்கள் புதிய நுண்ணுயிர்களைத் தேடுவதற்காகக் கொஞ்சம் மண் எடுத்துவருவது வழக்கம். 1969இல் நார்வேயின் ஹார்டாங்கர் மேட்டுநிலத்திலிருந்து வந்த மண்ணில் ஒரு பூஞ்சை இருந்தது. அது சுரந்த பொருள் கிருமிக்கொல்லியாகத் தேறவில்லை. அத்தோடு தூக்கி எறிந்திருக்கலாம், எறியவில்லை. 1972இல் ஹார்ட்மன் ஸ்டேஹெலின், ஜான் ஃபிரான்சுவா போரெல் ஆகியோரின் ஆய்வுக்கூடங்களில் நடந்த சோதனை, அது எலும்பு மஜ்ஜையைப் பாழாக்காமல் நோய் எதிர்ப்பை மட்டும் அடக்குகிறது என்று காட்டியது. அதற்கு முன்பிருந்த மருந்துகள் பெருகும் செல்கள் அனைத்தையும் தாக்கின. அதனால்தான் சைக்ளோஸ்போரின் என்று பெயர்பெற்ற இந்தப் பொருள் அத்தனை முக்கியமானது.

நீரில் கரையாதது அதன் பெருங்குறை. கேம்பிரிட்ஜில் ராய் கால்னின் குழுவில் இருந்த கிரேக்கர் அல்கிஸ் கோஸ்டாகிஸ் அதை ஆலிவ் எண்ணெயில் கரைத்து, இதயம் மாற்றப்பட்ட எலிகளுக்குக் கொடுத்தார். மாற்று இதயங்கள் நீடித்துத் துடித்தன. 1978இல் கால்ன் அதைச் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்குத் தந்தார். 1983இல் அமெரிக்காவும் அனுமதித்தது.

இதற்கிடையே, 1979இல், மூட்டுவலியோடு சொரியாசிஸும் இருந்த சிலருக்கு இதைக் கொடுத்தபோது தோலும் தெளிந்தது. தோல் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே சொரியாசிஸ் என்று கருதிவந்தவர்கள், அதன் பின்னால் டி செல்கள் இருப்பதை இந்த எதிர்பாராத பலனிலிருந்தே உணரத் தொடங்கினர்.

மருந்து செல்லுக்குள் பற்றிக்கொள்ளும் புரதம் சைக்ளோஃபிலின் என்பது 1984இல் தெரிந்தது. அந்தப் புரதத்தின் வேலை தடைபடுவதால்தான் நோய் எதிர்ப்பு அடங்குகிறதா? அப்படியில்லை. ஜப்பானின் ட்சுகுபா மண்ணில் கிடைத்த டாக்ரோலிமஸ் என்ற மற்றொரு மருந்து வேறொரு புரதத்தைப் பற்றியும் அதே விளைவைத் தந்தது. 1991இல் ஹார்வர்டில் ஸ்டூவர்ட் ஷ்ரைபரின் குழு முடிச்சை அவிழ்த்தது: மருந்தும் அதன் துணைப் புரதமும் சேர்ந்த இணை, இரண்டு மருந்துகளிலும், கால்சினியூரின் என்ற ஒரே நொதியைத்தான் முடக்குகிறது. ஸ்டான்ஃபோர்டில் ஜெரால்ட் கிராப்ட்ரீயும், ஹார்வர்டில் அஞ்சனா ராவும் என்ஃபேட் என்ற புரதத்தைப் பின்தொடர்ந்து மீதியை நிரப்பினர். டி செல்லின் ஏற்பியில் அன்னியப் புரதத்துண்டு பொருந்தியதும் செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது. கால்சியம் கால்சினியூரினை எழுப்புகிறது. அது என்ஃபேட்டில் ஒட்டியிருக்கும் பாஸ்ஃபேட்டுகளைக் களைகிறது. சில நிமிடங்களில் என்ஃபேட் உட்கருவுக்குள் புகுந்து, டி செல்களைப் பெருக்கும் இன்டர்லூகின்-2 மரபணுவை இயக்குகிறது.

கால்சினியூரின் டி செல்லுக்கு மட்டும் உரியதல்ல, சிறுநீரகத்திலும் உண்டு. காப்பாற்ற வேண்டிய சிறுநீரகத்தையே இம்மருந்துகள் நாளடைவில் கெடுப்பதற்கு இது ஒரு காரணம். ஆகவேதான் இரத்தத்தில் மருந்தின் அளவை அடிக்கடி பார்க்கிறார்கள்.

இவ்வழி பிறவியிலேயே அடைபட்டால் என்ன ஆகும் என்பதை 2006இல் ராவின் குழு காட்டியது. கடுமையான நோய் எதிர்ப்புக் குறையுடன் பிறந்த குழந்தைகளிடம், கால்சியம் உள்ளே வரும் ஓராய்-1 வாயிலில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. டி செல்களின் எண்ணிக்கையில் குறையில்லை. ஆனால் அவற்றால் தூண்டலுக்கு எதிர்வினை காட்ட முடியவில்லை. இத்தகைய குழந்தைகளுக்கு வேறொருவரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து குருதி மூலச் செல்களைச் செலுத்துவதே உயிர்காக்கும் சிகிச்சை.