ஒலிபெருக்கியில் வந்த இணையம்

சேலம், நாமக்கல் உழவர்களுக்கு மேட்டூர் அணையின் நீர்மட்டம் அன்றாடச் செய்தி. 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. இன்று எத்தனை அடி என்பதைப் பொறுத்தே கால்வாயில் தண்ணீர் வரும். நிலத்தையும் நீரையும் கடலையும் நம்பி வாழ்பவர்களுக்குத் தகவலும் ஒரு வளம்தான். அந்த வளத்தை இணையம் வழியாகச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்ற முன்னோடி முயற்சி ஒன்று புதுச்சேரியில் நடந்தது.

சென்னையைச் சேர்ந்த எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் இதைத் தொடங்கியது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் சாமை, தினை போன்ற சிறுதானியங்களைக் காக்கப் பாடுபட்டதும் இதே நிறுவனம்தான். வில்லியனூரில் தலைமை மையமும், சுற்றியுள்ள ஊர்களில் அறிவு மையங்களும் அமைந்தன. தொலைபேசி வசதி குறைவு என்பதால் வானொலி அலைகள் வழியாகவும் தகவல் அனுப்பப்பட்டது. மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய மின்சாரம் பயன்பட்டது. இடத்தையும் தன்னார்வலர்களையும் ஊர் மக்கள் தர வேண்டும். சாதி வேறுபாடு பார்க்காமல் எல்லோரையும் மையத்துக்குள் அனுமதிக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள்.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். அங்கே தேவைப்பட்டது கடலின் நிலவரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயர முன்னறிவிப்பை வில்லியனூரில் எடுத்து, தமிழில் ஊருக்கு அனுப்பினார்கள். அது ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவரும், கணினியைத் தொடாதவரும் அதைக் கேட்டுவிட்டே கடலுக்குப் போனார்கள்.

இந்த ஏற்பாட்டின் அருமை 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாடு இளைஞர் ஒருவர், ஆழிப்பேரலை ஆபத்தை உணர்ந்து ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். உடனே அறிவு மையத்தின் ஒலிபெருக்கி முழங்கியது. சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர் கரையை விட்டு ஓடித் தப்பியது. படகுகளும் வீடுகளும் அழிந்தன, உயிர்கள் பிழைத்தன.

அன்று எச்சரிக்கை இணையத்தில் வரவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு செய்தி வந்தால் அதை எல்லோர் காதிலும் போடும் பழக்கத்தை அந்த ஊருக்குக் கொடுத்தது அறிவு மையம்தான். 2007 முதல் இதே நிறுவனம் மீனவர்களின் கைப்பேசிக்கே கடல் நிலவரத்தை அனுப்பத் தொடங்கியது.

மேட்டூர் நீர்மட்டத்தையும் இன்று கைப்பேசியில் பார்த்துவிடலாம். ஆனால் தகவல் இணையத்தில் இருப்பது வேறு, கடைமடை உழவரின் காதுக்கு எட்டுவது வேறு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது!