பத்து வருஷம், பத்து சதவீதம்: ஒரு தேசம் அபினை விட்ட கணக்கு

வட்டி, வாராக்கடன் என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று அபினுக்கு வந்துவிட்டானே என்று நினைக்காதீர்கள். இதுவும் தவணைக் கணக்குதான் :-)

சுதந்திரம் வந்து இரண்டே வருஷம். 1949-ல் டெல்லியில் அகில இந்திய அபின் மாநாடு கூடியது. அன்றைக்கு அபின் லைசென்ஸ் கடையில் விற்ற சரக்கு, அரசாங்கத்துக்கு வருமானம். மருந்துக்கு அல்லாத அபினை நிறுத்துவது என்று முடிவெடுத்தார்கள். ஆனால் ஒரே ராத்திரியில் இல்லை. மாநிலங்களுக்குக் கொடுப்பதை வருஷத்துக்குப் பத்து சதவீதமாகக் குறைத்து, 1959 மார்ச் 31-க்குள் பூஜ்யமாக்குவது. (மார்ச் 31! எந்த பேங்க்காரன்தான் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருப்பான்?)

அபின் என்றால் நமக்குச் சீனாவும் போதை விடுதியும்தான் ஞாபகம் வரும். இந்தியக் கிராமங்களில் கதை வேறு. இருமலுக்கு, பேதிக்கு, மூட்டுவலிக்கு, மலேரியாக் குளிருக்கு ஒரு சின்ன உருண்டை. அன்று மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த கோதாவரிப் பக்கம் (எங்கள் சைனிக்புரியிலிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரம்) அபின் அதிகம் விற்ற இடங்களில் ஒன்று. 1893-ல் அமைத்த ராயல் கமிஷன் எழுநூறுக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, தடை தேவையில்லை என்று 1895-ல் அறிக்கை கொடுத்தது. வருமானம் போய்விடுமே என்ற கவலையும் அதில் உண்டு என்பது என் எண்ணம். ஆனாலும் வலிக்குச் சாப்பிடுகிறவனையும் போதைக்குச் சாப்பிடுகிறவனையும் பிரிக்க முடியாது என்று அங்கே சொன்னது பொய்யில்லை.

1949 முடிவில் எனக்குப் பிடித்தது அதன் நிதானம். பிடிக்காதது, குறைத்தது கடையின் கோட்டாவை. மனுஷனின் அளவை இல்லை. ஒருத்தன் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த மாசம் தூக்கம் வந்ததா, வலி எப்படி என்று கேட்க ஆள் வேண்டாமா? விட முடியாத பழைய ஆட்களைப் பதிவு செய்து, பர்மிட்டில் அபின் கொடுக்கும் ஏற்பாடு 1959-க்குப் பிறகும் தொடரவேண்டி வந்தது.

அப்புறம் 1985-ல் போதைப்பொருள் சட்டம். கெடுபிடிக்குப் பயந்து ஆஸ்பத்திரிகளே மார்ஃபின் வைப்பதை விட்டன. 1997 வாக்கில் நாட்டில் மருத்துவ மார்ஃபின் உபயோகம் 97 சதவீதம்போல விழுந்துவிட்டது. புற்றுநோய்க்காரர்கள் வலியில் துடித்தார்கள். 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தி வழி விட்டார்கள். மருந்தைக் கண்டு பயப்படுவதும் ஆளைக் கொல்லும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

2018 ஏப்ரலில் டிரமடாலையும் அதே சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். எங்கள் தெருவில் வேலூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர், முதுகுவலிக்கு ஆறு வருஷமாக அதைத்தான் சாப்பிட்டுவந்தார். பழைய சீட்டுக்குத் தரமாட்டேன் என்று கடைக்காரர் கையை விரித்தார். மூன்றாம் நாள் மூக்கில் தண்ணீர், விடாத கொட்டாவி, பேதி, உடம்பெல்லாம் புல்லரிப்பு, தூக்கமே இல்லை. "தம்பி, பட்டாளத்துல பனியில நின்னப்பகூட இப்படி நடுங்கினதில்லை" என்றார். அவர் போதைக்காரர் இல்லை. உடம்பு பழகிவிட்டது, அவ்வளவுதான். டிரமடாலைச் சட்டென்று நிறுத்தினால் பதற்றம், மனக்குழப்பம்கூட வரலாம். அவரை ஒரு வலி சிகிச்சை டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் முதலில் மாத்திரையைத் திரும்பக் கொடுத்தார். பிறகுதான் குறைக்க ஆரம்பித்தார். மெதுவாகக் கரையும் ரக மாத்திரையை உடைத்துச் சாப்பிடக்கூடாது என்பதால், குறைந்த மில்லிகிராம் ரகத்துக்கு மாற்றினார்.

அமெரிக்காவிலும் இதே அவசரம் நடந்தது. 2016-ல் வந்த வழிகாட்டுதலைப் பார்த்துப் பயந்த டாக்டர்கள் பலர் பழைய நோயாளிகளின் மாத்திரையை வெடுக்கென்று பிடுங்கினார்கள். தாங்கமுடியாத வலி, மன உளைச்சல், தற்கொலை வரைக்கும் போகிறது என்று 2019 ஏப்ரலில் அங்கத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. 2022-ல் திருத்திய வழிகாட்டுதல், ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு மாசம் பத்து சதவீதம் அல்லது அதைவிட மெதுவாக என்கிறது. மறுபடியும் அதே பத்து!

பி.காம் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும். 1949-ல் செய்தது நேர்கோட்டு முறைத் தேய்மானம்: ஆரம்ப அளவில் பத்து பத்தாகக் கழித்தால் பத்தாவது தவணையில் பூஜ்யம். உடம்புக்குக் கடைசிக் கட்டத்தில் குறைந்து செல் மதிப்பு முறைதான் ஒத்துக்கொள்கிறது, மிச்சம் இருப்பதில் பத்து சதவீதம். நூறிலிருந்து தொண்ணூறு சுலபம். இருபதிலிருந்து பத்து என்றால் பாதியையே வெட்டுவது. நடுவில் தாங்கவில்லையென்றால் ஒரு மாசம் அப்படியே நிற்கலாம்.

இன்னொன்று, டாக்டர் அவரிடமும் வீட்டு அம்மாவிடமும் இரண்டு தடவை சொன்னது. குறைத்தபிறகு வலி வந்தால் பழைய அளவுக்குத் தாவக்கூடாது. உடம்பு அந்தப் பழக்கத்தை மறந்திருக்கும். பழைய அளவே மூச்சை நிறுத்திவிடும்.

சுபேதாருக்கு மொத்தம் பதினாலு மாசம் ஆயிற்று. அதில் கடைசி 50 மில்லிகிராமை விடுவதற்கு மட்டும் நாலு மாசம்.