கல்யாண டீவிடியின் கடைசிப் பதினொரு நிமிடம்



போன தவணை விடுமுறையில் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது ராத்தாவின் கல்யாண டீவிடி கையில் கிடைத்தது. 2006இல் வீடியோ எடுத்தவர் தன்னுடைய கணனியில் எழுதித் தந்தது. தட்டின் மேல் மாப்பிள்ளை, பொண்ணு படம் போட்ட வட்ட ஸ்டிக்கர். பிளேயரில் போட்டேன். இரண்டு மூன்று தடவை சுழன்றது. பிறகு திரையில் "நோ டிஸ்க்".

2000களில் இந்த இரண்டு சொல்லைப் பார்க்காத வீடு நம்மூரில் இருந்திருக்காது. காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் படம் ஓடும், கடையில் 'அடித்துத்' தந்தது ஓடாது. பக்கத்து வீட்டு பிளேயரில் ஓடும், நம் வீட்டில் ஓடாது. ஊதினோம், சாரனில் துடைத்தோம், பற்பசை கூடப் பூசினோம். ஏன் ஓடவில்லை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்டுப் பார்த்தேன். ஒரு சின்ன வரலாறே கிடைத்தது.

ஒரிஜினல் தட்டு தொழிற்சாலையில் அச்சுக் குத்தப்படுவது. பிளாஸ்டிக்கில் உண்மையாகவே நுண்ணிய பள்ளங்கள் இருக்கும், அதன் மேல் உலோகப் பூச்சு. நாம் கணனியில் எழுதும் தட்டில் அந்தப் பள்ளங்கள் கிடையாது. அதற்குள் இருப்பது ஒரு சாயப் படலம். லேசர் சுட்ட இடத்தில் சாயம் மாறிவிடும். பிளேயரின் கண்ணுக்கு அது பள்ளம் போலத் தெரியும். சீடி 1982இல் விற்பனைக்கு வந்தது. எழுதக்கூடிய சீடியை ஜப்பானின் தையோ யூடென் நிறுவனம் 1988இல் அறிவித்தது. அவர்களுக்கு இருந்த சவால் பெரியது: ஏற்கெனவே வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட பிளேயர்கள் இந்தச் சாயத் தட்டையும் அச்சுத் தட்டு என்று நம்பி வாசிக்க வேண்டும். நம்பினால் படம் ஓடும். நம்பாவிட்டால் "நோ டிஸ்க்". கதை முழுவதும் இவ்வளவுதான்.

1993இல் வீசீடிக்கான விதிமுறை வந்தது. ஒரு தட்டில் 74 நிமிட வீடியோ. அதனால்தான் ஒரு படத்துக்கு இரண்டு தட்டு, நடுவில் எழும்பிப் போய் மாற்ற வேண்டியிருந்தது. அந்த 74 நிமிடத்தை அடக்க ஒரு விலையும் கொடுத்தார்கள். கணனிக் கோப்பு எழுதும் சீடியில் பிழை திருத்துவதற்கென்று கூடுதலாக ஓர் அடுக்கு இருக்கும். வீசீடியில் அதை எடுத்துவிட்டு அந்த இடத்திலும் படத்தையே நிரப்பினார்கள். ஆகவே ஒரு கீறல் விழுந்தால் வீசீடி முதலில் தடுமாறும்.

1996இல் ஜப்பானில் டீவிடி வந்தபோது இன்னொரு சிக்கல். சீடியின் லேசர் 780 நனோமீற்றர், டீவிடியின் லேசர் 650. எழுதும் சீடியின் சாயம் 780க்காகச் செய்யப்பட்டது. 650 ஒளியை அது திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடும். ஆரம்பகால டீவிடி பிளேயர்கள் பலவற்றில் ஒரிஜினல் சீடி பாடும், நாம் எழுதிய சீடியோ இருப்பதாகவே தெரியாது. சீடிக்கென்று இரண்டாவது லேசர் வைத்த பிறகுதான் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

பிறகு வந்தது கம்பனிகளின் சண்டை. 1997இல் பயனியர் நிறுவனம் டீவிடி-ஆர் கொண்டுவந்தது. பிலிப்ஸ், சோனி முதலானோர் சேர்ந்த அணி 2002இல் டீவிடி+ஆர் கொண்டுவந்தது. கோடும் கூட்டலும்தான் வித்தியாசம் என்று நினைத்தோம். ஆனால் பழைய பிளேயர் சிலதுக்கு ஒன்று பிடிக்கும், மற்றது பிடிக்காது. இதற்கும் ஒரு தந்திரம் செய்தார்கள்: கூட்டல் தட்டில் "நான் அச்சுத் தட்டுத்தான்" என்று ஒரு குறிப்பை எழுதிவிடும் வசதி சில ரைட்டர்களில் இருந்தது. அதைப் படித்த பிளேயர் மறுபேச்சில்லாமல் ஓட்டிவிடும்.

இந்த வரலாறு தெரிந்தால் நோயையும் கண்டுபிடிக்கலாம்.

தட்டையே காணவில்லை என்றால், பெரும்பாலும் எழுதி முடித்தபின் அதை 'ஃபைனலைஸ்' செய்யாமல் விட்டிருப்பார்கள். எழுதிய கணனி வாசிக்கும், வீட்டு பிளேயர் வாசிக்காது. அல்லது வீடியோவை டீவிடி முறைப்படி அமைக்காமல் வெறும் கோப்பாகப் போட்டிருப்பார்கள்.

ஜப்பானில் இருந்து வந்த தட்டு நம் டீவியில் கறுப்பு வெள்ளையாக உருண்டால் தட்டில் பழுதில்லை. அங்கே என்டிஎஸ்சி, இங்கே பால் முறை.

சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால், டிவ்எக்ஸ் போன்ற முறையில் சுருக்கிய கோப்பு அந்த பிளேயருக்கு விளங்கவில்லை.

நன்றாக ஓடிக் கடைசியில் நின்றால், தட்டின் வெளி ஓரத்தைப் பாருங்கள். நம் பழைய கிராமபோன் இசைத்தட்டு வெளியிலிருந்து உள்ளே போகும். சீடியும் டீவிடியும் உள்ளேயிருந்து வெளியே வரும். முடிவுக் காட்சிகள் எல்லாம் ஓரத்தில்தான். விரல் படுவதும் அங்கேதான். அவசரமாக உச்ச வேகத்தில் எழுதினால் எழுத்து பிசகுவதும் அங்கேதான். ஸ்டிக்கர் ஈரத்தில் இழுத்துத் தட்டு வளைந்தால், அதிகம் வளைவதும் அங்கேதான்.

என்னுடைய தட்டுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். ஸ்டிக்கரை உரிக்கவில்லை. நீங்களும் உரிக்காதீர்கள். சீடியில் பதிவுப் படலம் ஸ்டிக்கருக்கு அடியிலேயே இருக்கிறது, அதுவும் சேர்ந்து வந்துவிடும்.

மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. பிள்ளையின் கொப்பியில் அங்கங்கே ஓர் எழுத்து அழிந்தால் ஊகித்து வாசித்துவிடுவேன், ஒரு வரி முழுவதும் அழிந்தால் என்ன செய்வது? வட்டக் கீறல் அப்படி. பதிவு ஓடும் பாதையிலேயே நீளமாக அழித்துவிடும். பிளேயரின் பிழை திருத்தும் கணக்கு அதற்கு ஈடுகொடுக்காது.

பிறகு பழைய கணனி ஒன்றின் டிரைவில் போட்டேன். வீட்டு பிளேயர் இல்லை என்ற தட்டை அது கண்டுகொண்டது. டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் பிரதி எடுத்தேன். வாசிக்க முடியாத இடத்தை அது தாண்டிப் போகும், பிறகு திரும்பி வந்து முயலும். இரவு முழுக்க ஓடியது. காலையில் பார்த்தால் கடைசிப் பதினொரு நிமிடம் இல்லை.

வீடியோ எடுத்தவரைத் தேடிப் போனேன். "சேர், அந்த டேப்பில் அதுக்குப் பிறகு எத்தனையோ கல்யாணம் ஏறிட்டுது" என்றார்.

நண்பர் ஒருவரிடம் வேறொரு டிரைவ் இரவல் வாங்கி, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓட்டினேன். ஒரு டிரைவுக்குத் தெரியாதது இன்னொன்றுக்குத் தெரியலாம். ஏழு நிமிடம் திரும்பி வந்தது. அதில் வாப்பா வாசலில் நிற்கிறார்கள். படம் கட்டம் கட்டமாக உடைகிறது. ஆனால் போகிற ஒவ்வொருவரிடமும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும் குரல் தெளிவாக இருக்கிறது. வாப்பா வஃபாத்தாகி எட்டு வருடம். அவர்களுடைய குரல் எங்களிடம் வேறெங்கும் இல்லை. உம்மா அதை மூன்று தடவை போடச் சொன்னார்கள். மிச்சம் நாலு நிமிடம் போனது போனதுதான்.

சாயம் வெயிலுக்கும் சூட்டுக்கும் ஈரத்துக்கும் மங்கும். நம் நாட்டில் மூன்றுக்கும் குறைவில்லை. அன்று பிளேயரை நம்பவைத்த சாயம், இன்று அலுமாரிக்குள் இருந்தபடியே தன் வேலையை மறந்துகொண்டிருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த வாரமே உங்கள் வீட்டுத் தட்டுகளை வெளியே எடுங்கள். டிரைவ் உள்ள கணனி ஒன்றைத் தேடிப் பிடித்துப் பிரதி எடுங்கள். ஒன்றல்ல, இரண்டு பிரதி, இரண்டு இடத்தில். ஓடாத தட்டை எறிந்துவிடாதீர்கள், இன்னொரு டிரைவில் போட்டுப் பாருங்கள்.

உங்கள் அலுமாரியில் யாருடைய குரல் இருக்கிறது? கீழே எழுதுங்கள்.