‘ஆயிலைக் கலக்காதே’: ஒரு பட்டறை விதியின் வரலாறு

லிங்கராஜபுரம் மேம்பாலத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு பழைய கார் பட்டறை இருக்கிறது. சென்ற மாதம் அங்கே ஒரு வாடகைக் காரின் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். கிராங்கைத் தாங்கும் பேரிங்குகளின் வெள்ளிப் பூச்சு முழுவதும் போய்ச் செம்பு நிறம் வெளியே தெரிந்தது. காரின் ஓட்டுநர் எங்கள் தெருக்காரர். கிருஷ்ணகிரியிலிருந்து நள்ளிரவில் திரும்பிக்கொண்டிருந்தபோது ஆயில் விளக்கு எரிந்திருக்கிறது. அருகே பெட்ரோல் பங்க் இருந்தது. அங்கே ஆயிலும் இருந்தது. ஆனால் அது வேறு கம்பெனி, வேறு கிரேடு. வண்டியில் இருந்தது 15டபிள்யூ-40. பங்கில் கிடைத்தது 20டபிள்யூ-40.

“ரெண்டு ஆயில் கலந்தா எஞ்சின் போயிடும்னு சொல்லிக் குடுத்திருக்காங்க சார். அதான் மெதுவா ஓட்டிட்டு வந்துடலாம்னு பாத்தேன்” என்றார். ஓசூர் தாண்டியதும் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பழுது பார்க்க அவர் வாங்கிய கடன் இரண்டு மாத வருமானத்துக்கு மேல். வங்கித் தவணை வேறு தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

கலந்திருந்தால் எஞ்சின் போயிருக்காது. கலக்காததனால் போயிற்று. ஆயினும் அவரை அறியாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கடைப்பிடித்தது பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படும் ஒரு விதி. பட்டறை மேஸ்திரியிடம் அவ்விதி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “எங்கப்பா சொன்னது தம்பி. அவர் அல்சூர் மிலிட்டரி வொர்க்‌ஷாப்ல இருந்தவர்” என்றார். தொழிற்கூடத்து வாய்மொழிகளைத் திரட்டிவரும் எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இல்லை. விதி என்று ஒன்று இருந்தால், அது பிறந்ததற்கு ஒரு காரணமும் இருந்தாக வேண்டும். அதைத் தேடிப் போனதன் விளைவே இப்பதிவு. சற்று நீளம், பொறுத்தருள்க.

காரணம் நம் வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறது: விளக்கெண்ணெய்.

பெட்ரோலியம் வருவதற்கு முன்பே இந்நாட்டில் சுழலும் உறுப்புகளுக்கெல்லாம் ஆமணக்கு எண்ணெய்தான் மசகு. வைக்கோலைக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மையை மாட்டுவண்டி அச்சில் தடவிய தலைமுறை இன்னும் நம்மிடையே உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய ரயில்வேக்கள் மசகுக்கும் விளக்குக்கும் இதே எண்ணெயைப் பயன்படுத்தின. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்டுக்கு 1864இல் ரயில் வந்து சேர்ந்த காலமும் விளக்கெண்ணெய்க் காலமே.

மோட்டார் எஞ்சின் தோன்றியபோது ஐரோப்பாவும் இதை நாடிற்று. கடும் வெப்பத்திலும் உலோகத்தைப் பற்றிக்கொண்டு படலம் கிழியாமல் நிற்பதில் அக்காலப் பெட்ரோலிய எண்ணெய் எதுவும் ஆமணக்குக்கு ஈடாகவில்லை. 1899இல் சார்லஸ் வேக்ஃபீல்டு லண்டனில் தொடங்கிய எண்ணெய் நிறுவனம், ஆமணக்கு எண்ணெய் சேர்த்துத் தயாரித்த மசகை 1909இல் ‘காஸ்ட்ரால்’ என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான ‘காஸ்டர்’ அதற்குள் ஒளிந்திருக்கிறது. இன்று நம் ஊரில் ஆட்டோக்களின் பின்புறம் ஒட்டப்படும் அந்தப் பெயர் கொல்லைப்புறத்து ஆமணக்கிலிருந்து பிறந்தது என்பதை எத்தனை பேர் அறிவர்?

முதல் உலகப்போரின் விமானங்கள் பலவற்றில் சுழல் எஞ்சின் இருந்தது. பிரான்சின் செகின் சகோதரர்கள் உருவாக்கிய ‘நோம்’ அவற்றுள் புகழ்பெற்றது. அதில் சிலிண்டர்கள் யாவும் தண்டைச் சுற்றிச் சுழலும். பெட்ரோல் ஆவி கிராங்க் அறை வழியாகவே செல்லும். பெட்ரோலிய மசகை அங்கே ஊற்றினால் பெட்ரோல் அதைக் கரைத்து நீர்க்கச் செய்துவிடும். பெட்ரோலில் எளிதில் கரையாத ஆமணக்கு எண்ணெய்தான் அங்கே நிலைத்தது. எரிந்தது போக மீதி புகையாக விமானி முகத்தில் அடிக்கும். அதைச் சுவாசித்தவர்களின் வயிறு பட்ட பாட்டை, குழந்தைப் பருவத்தில் மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் குடித்த நம் மூத்தோருக்கு விளக்க வேண்டியதில்லை. அமெரிக்கா போரில் இறங்கியபோது அதன் ராணுவம் இந்தியாவிலிருந்து ஆமணக்கு விதை வரவழைத்து ஃப்ளோரிடாவில் பயிரிடச் செய்தது. சென்னை மாகாணத்திலும் ஐதராபாத் சமஸ்தானத்திலும் மானாவாரி நிலத்தில் விளைந்த ஒரு செடி, அப்போது வானப்படைகளின் தேவையாகியிருந்தது.

நம் விதியின் பிறப்பும் இங்கேதான். ஆமணக்கு எண்ணெயில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலிக் அமிலம். மற்றத் தாவர எண்ணெய்களில் இல்லாத ஒரு ஹைட்ராக்சில் தொகுதி அதன் சங்கிலியில் தொங்குகிறது. ஆகவே இது ஆல்கஹாலில் கரையும். பெட்ரோலிய எண்ணெயோடு நன்றாகச் சேராது. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கி வைத்தால் கலங்கும். பிறகு கனமான ஆமணக்கு அடியில் இறங்கும், பெட்ரோலியம் மேலே நிற்கும். எஞ்சினுக்குள் இது நிகழ்ந்தால் பம்ப் எந்த அடுக்கை உறிஞ்சும் என்பதற்கு உறுதியில்லை. போதாக்குறைக்கு ஆமணக்கு எண்ணெய் சூட்டில் பிசினாக இறுகும் தன்மையது. அந்தப் பிசின் குறுகிய ஆயில் வழிகளை அடைக்கும். பந்தயக் கார்களுக்கான ‘காஸ்ட்ரால் ஆர்’ போன்ற ஆமணக்கு மசகுகளை மினரல் ஆயிலோடு கலக்கலாகாது என்ற எச்சரிக்கை இதனால்தான் வந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதென்றால் எஞ்சினை முழுவதும் கழுவ வேண்டும்.

ஆக, ‘கலக்காதே’ என்பது மூடநம்பிக்கையாகப் பிறக்கவில்லை. அன்று அது உயிர்காக்கும் விதி.

ஆமணக்கு வழக்கொழிந்த பிறகு விதியும் ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை, இன்னொரு அச்சம் அதற்கு உயிர் கொடுத்தது. 1930களின் நடுவில் அமெரிக்காவில் கேட்டர்பில்லர் டீசல் எஞ்சின்களின் பிஸ்டன் வளையங்கள் கரி படிந்து ஒட்டிக்கொண்டன. அதற்கு மருந்தாகக் கரியைப் பெயர்த்து மிதக்கவைக்கும் சோப்பு போன்ற வேதிப்பொருள்களை எண்ணெயில் சேர்த்தனர். ‘டிடர்ஜென்ட் ஆயில்’ அவ்வாறு பிறந்தது. பல்லாண்டுகள் சாதாரண எண்ணெயில் ஓடி உள்ளே சேறு படிந்திருந்த ஒரு பழைய எஞ்சினில் இப்புது எண்ணெயை ஊற்றினால் என்ன ஆகும்? சேறெல்லாம் ஒரே நேரத்தில் பெயர்ந்து வழியை அடைக்கும். பழி சேற்றின்மீது விழவில்லை. “ரெண்டு ஆயிலைக் கலந்தான், எஞ்சின் போச்சு” என்று கலப்பின்மீது விழுந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பெங்களூரில் விமானங்களும் ராணுவ லாரிகளும் பழுதுபார்க்கப்பட்டன. 1940இல் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை 1943இல் அமெரிக்க வான்படையின் பணிமனையாகவே இயங்கிற்று. பழைய எண்ணெயும் புதிய எண்ணெயும் சந்தித்த இத்தகைய கூடங்களில் கைத்தொழில் கற்ற தமிழர் பலர் பிறகு கண்டோன்மென்ட் பக்கத்தில் சொந்தப் பட்டறை வைத்தனர். மேஸ்திரியின் தந்தை சொன்ன வாக்கியம் இவ்வழியே லிங்கராஜபுரம் வந்து சேர்ந்ததாகவே நான் கருதுகிறேன்.

வேடிக்கை என்னவென்றால், விதியைக் கற்பித்த அதே ராணுவம்தான் அதை ரத்தும் செய்தது. போர்முனையில் நிற்கும் லாரிக்கு எந்த பீப்பாய் வந்து சேருகிறதோ அதைத்தான் ஊற்ற முடியும். எண்ணெய்கள் ஒன்றோடொன்று சேராவிட்டால் படையே நின்றுவிடும். ஆகவே அமெரிக்க ராணுவத்தின் மசகுத் தரங்கள், ஒப்புதல் கோரும் புதிய எண்ணெய் ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற எண்ணெய்களோடு கலந்து நிற்க வேண்டும் என்பதை நிபந்தனையாக்கின. பின்னர் அது பயணியர் கார் எண்ணெய்களுக்கான தரங்களிலும் ஏறியது. இன்றைய சோதனை எளியது: புதிய எண்ணெயைக் குறிப்பிட்ட மேற்கோள் எண்ணெய்களோடு கலந்து, குளிரவைத்து, சூடாக்கி, அது பிரிகிறதா, வண்டல் கட்டுகிறதா என்று பார்ப்பார்கள். பிரிந்தால் தகுதி கிடையாது. முறையான ஏ.பி.ஐ. உரிமத்தோடு கடையில் நிற்கும் எந்த இரண்டு கேன்களும், கம்பெனி எதுவாயினும், ஒன்றோடொன்று கலக்கும் என்பதே இதன் பொருள். ‘செமி சிந்தெடிக்’ என்று கூடுதல் விலைக்கு நாம் வாங்குவதே மினரல் எண்ணெயும் சிந்தெடிக் எண்ணெயும் கலந்த கலவைதானே!

கிரேடு பற்றி ஒரு சொல். 1911இல் அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கம் தொடங்கிவைத்த எண்முறைதான் இன்றுவரை கேன்மீது உள்ளது. பின்னால் உள்ள 40 என்பது எண்ணெய் 100 டிகிரி சூட்டில் இருக்கும்போது அதன் தடிமனைக் குறிக்கும்: 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் வரை. முன்னால் உள்ள டபிள்யூ குளிர்காலத்துக்கானது. 15டபிள்யூவைச் சுழியத்துக்குக் கீழே 20 டிகிரியில் சோதிப்பார்கள். 20டபிள்யூவைக் கீழே 15 டிகிரியில். நம் ஓட்டுநரின் இரண்டு எண்ணெய்களுக்கும் பின் எண் ஒன்றே. ஓடும் எஞ்சினுக்குள் அவை ஒரே வகுப்பு. வேறுபாடு உறைபனியில்தான் வெளிப்படும். பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1884 ஜனவரியில் 7.8 டிகிரி. சைபீரியாவில் மட்டுமே பொருள்படும் ஒரு வேறுபாட்டுக்காக ஓசூர் சாலையில் ஒரு எஞ்சின் மாண்டது.

நம் நாட்டில் இவ்விதி நெடுநாள் தொல்லை தராததற்கும் காரணம் உண்டு. 1969இல் இயங்கத் தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலை மசகுக்கான மூல எண்ணெயையும் தந்தது. 1972இல் இந்தியன் ஆயிலின் ‘சர்வோ’ வந்தது. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் பங்கில் கிடைத்தது இரண்டு மூன்று வகைதான். கலக்க வேண்டிய தேவையே அரிது. 1990களில் சந்தை திறந்தபின் கம்பெனிகள் பெருகின, கிரேடுகள் பெருகின. சும்மா கிடந்த விதிக்கு அப்போதுதான் பல் முளைத்தது. விற்பவர்களைக் கேட்டால் விளக்கெண்ணெயில் விழுந்த வெண்டைக்காய் போல வழுக்குவார்கள்: “கலக்கலாம், ஆனா எங்க ஆயில் மட்டும் போட்டா நல்லது சார்.”

எச்சரிக்கை எதுவும் தேவையில்லை என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். கலவையின் தரம் அதில் உள்ள தாழ்ந்த எண்ணெயை நோக்கி இறங்கும். ஆகவே இது வழியில் கைகொடுக்கும் ஏற்பாடு, அன்றாட வழக்கமல்ல. 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ்.6 டீசல் கார்களின் புகைக்குழாயில் கரி வடிகட்டி உண்டு. சாம்பல் மிகுந்த பழைய வகை டீசல் ஆயிலைத் தொடர்ந்து ஊற்றினால் அது அடைபடும். மோட்டார் சைக்கிளில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே மூழ்கியிருப்பதால், உராய்வு குறைக்கும் கார் ஆயில் அதை வழுக்கச் செய்யும். இவையெல்லாம் கையேட்டில் எழுதியிருப்பவை. இவற்றில் எதுவும், ஆயிலே இல்லாமல் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுவதைவிடக் கொடியதன்று.

உண்மையான கலப்பு வேறிடத்தில் நடக்கிறது. வடித்தெடுத்த கழிவு ஆயிலை அரைகுறையாகத் தெளியவைத்து, நிறமேற்றி, பெயர்பெற்ற கேனில் அடைத்து விற்கும் தொழில் மிகப் பழையது. அதைக் கட்டுப்படுத்தவே அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின்கீழ் 1987இல் மசகெண்ணெய்களுக்கென்று தனி ஆணை பிறப்பிக்கப்பட்டது. மூடி சிதையாத காலிக் கேனுக்குக் கூடுதல் விலை தருகிறவர் எதற்காகத் தருகிறார் என்பதைப் பட்டறைக்காரர் அறிவர். நம் மேஸ்திரி ஒவ்வொரு காலிக் கேனையும் ஸ்க்ரூடிரைவரால் குத்தி ஓட்டையிட்ட பிறகே பழைய இரும்புக்காரருக்குப் போடுகிறார்.

இத்தனையும் அவரிடம் விவரித்தேன். ஆமணக்குக் கதையைக் கேட்டதும் கை துடைப்பதை நிறுத்திவிட்டு, “அப்பா ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வெச்சிருந்தார். ரேஸ் ஆயில்னு ஏதோ ஊத்துவார். அது போனா தெருவே விளக்கெண்ணெ வாசனை அடிக்கும்” என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஓட்டுநரை அழைத்து, அலமாரியிலிருந்து ஒரு லிட்டர் கேன் எடுத்து அவர் கையில் கொடுத்து, டிக்கியில் போட்டு வைக்கச் சொன்னார். அது 20டபிள்யூ-40.