மாத்தளைக் கிளர்ச்சியும் துவக்கின் வளர்ச்சியும்

துவக்கின் வரலாறு இரும்புக் குழலின் வரலாறு மட்டுமன்று. அக்குழலில் இடப்படும் மருந்தினதும் குண்டினதும் வரலாறுமாகும். மருந்தையும் குண்டையும் தாமே ஆக்கிக்கொள்ள வல்லார் கையிற் படைக்கலம் நாட்டுக்கு அரணாயிற்று. அவற்றுக்குப் பிறர் கையை எதிர்பார்த்தார்க்கு அது வெறுஞ் சுமையாயிற்று. இவ்வுண்மையை உணர்தற்கு மாத்தளையின் வரலாறு பெரிதும் துணைசெய்யும்.

போர்த்துக்கேயர் இலங்கையை அடைந்தபின், 16ஆம் நூற்றாண்டிற் சிங்களக் கம்மியர் துவக்குத் தொழிலை விரைவிற் கைவரப் பெற்றனர். அவர் ஆக்கிய குழல்களை ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன் 1596இல் வெளியிட்ட நூலிற் பாராட்டியுள்ளார். 1765இல் ஒல்லாந்தர் கண்டியிற் கவர்ந்த பொருள்கள் எனக் கருதி, 2023இல் நெதர்லாந்து திருப்பியளித்த ஆறு பொருள்களுள் ஒரு பீரங்கியும் இரு துவக்குகளும் அடங்கும். மருந்துக்கு வேண்டிய வெடியுப்பும் மலைநாட்டுக் குகைகளிற் கிடைத்தது. குகை மண்ணுடன் சாம்பல் கலந்து, நீர் வார்த்து வடித்துக் காய்ச்சி அதனை எடுத்த முறையை ஜோன் டேவி என்னும் ஆங்கில மருத்துவர் 1821இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார்.

1803இல் ஆங்கிலேயர் மாத்தளையில் மக்டோவல் கோட்டையை அமைத்தனர். எனினும் அவ்வாண்டிலேயே அவர்தம் படை அதனைக் கைவிட்டுத் திருகோணமலைக்குப் பின்வாங்க நேர்ந்தது. கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தபின்னும் குடியானவர் வீடுகளில் இடியன் துவக்கு எஞ்சி நின்றது. பயிரை அழிக்கும் பன்றியையும் யானையையும் ஓட்டுதற்கு அது இன்றியமையாததாயிற்று.

1848இல் தேசாதிபதி டொரிங்டன் பிரபு துவக்கொன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு சிலிங் ஆறு பென்சு வரி விதித்தார். கடைக்கும் நாய்க்கும் வரி வந்தது. ஆண்டில் ஆறு நாள் தெருவேலை செய்தல் வேண்டும், அன்றேல் மூன்று சிலிங் செலுத்துதல் வேண்டும் என்ற சட்டமும் வந்தது. வயலைக் காக்கும் கருவிக்கே வரியிறுக்க வேண்டுமோ எனக் குடிகள் கொதித்தனர். யூலை மாதத்தில் தம்புள்ளை விகாரையிற் கொங்காலேகொட பண்டா முடிசூடினார். புரன் அப்பு முதலியோருடன் கிளர்ச்சிப்படை மாத்தளையைக் கைப்பற்றியது. மறுநாள் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. ஏறத்தாழ இருநூறு கிளர்ச்சிக்காரர் மாண்டனர் என்பர். அரச படையிலோ உயிரிழந்தார் எவருமிலர். புரன் அப்பு ஓகஸ்டு 8ஆம் நாள் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். பண்டா மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

இத்துணை வேற்றுமைக்குப் பயிற்சியும் ஒழுங்கும் முதற் காரணங்களாம். எனினும் படைக்கலத் தொழிலும் அக்காலத்தில் வேறு நெறியிற் சென்றுகொண்டிருந்தது. மழையில் நனையும் தீக்கல்லுக்குப் பதிலாக, இரசம் சேர்ந்த வெடிபொருள் அடைத்த செப்புக் கேப்பு வந்தது. பிரித்தானியப் படை 1842இல் அவ்வகைத் துவக்கை ஏற்றது. பின்னர்க் கேப்பும் மருந்தும் குண்டும் ஒன்றாயமைந்த உலோகத் தோட்டா தோன்றியது. இவற்றைக் கிராமக் கம்மியன் உலைக்களத்தில் ஆக்குதல் இயலாது. பெருந் தொழிற்சாலையே வேண்டும்.

இந்நெறியின் உச்சங்களுள் ஒன்று நேரிழுப்பு இறைபிள். ஏனைய இறைபிள்களிற் பூட்டுத்தண்டை உயர்த்தி, இழுத்து, தள்ளி, தாழ்த்துதல் வேண்டும். இதிலோ இழுத்தலும் தள்ளலும் அமையும். ஒஸ்திரியரான மன்லிக்கர் 1886இல் இம்முறையைப் படைக்கு அளித்தார். சுவிற்சர்லாந்தில் 1889இல் சிமிட்டு பொறியமைப்பையும், உரூபின் 7.5 மில்லிமீற்றர்த் தோட்டாவையும் வகுத்தனர். ஆயினும் திருகும் தண்டு போல இறுகிய தோட்டாவை நெகிழ்த்தும் வலிமை நேரிழுப்புக்குக் குறைவு. கனடாவின் உரொஸ் இறைபிள் 1915இற் பிரான்சு, பெல்சியப் போர்க்களங்களிற் சேற்றாலும் அளவு ஒவ்வாத தோட்டாக்களாலும் இறுகி நின்றது. அடுத்த ஆண்டில் அது கனடியக் காலாட்படையினின்றும் நீக்கப்பட்டது.

செல்வ நாட்டுப் படைவீரனும் தோட்டா ஒவ்வாதவிடத்து வெறுங்கையனாயினான். மாத்தளைக் குடியானவனோ, தன் ஊரில் ஆக்கவியலாத படைக்கலம் உலகை ஆளத் தொடங்கிய காலத்தில் எழுந்து நின்றான். அவன் தோல்வியை வீரக்குறை எனக் கொள்ளுதல் பொருந்தாது. தன் தேவைக்கு வேண்டியதைத் தானே ஆக்கும் ஆற்றலை இழந்த நாடு, துணிவு மிக்க மக்களைப் பெற்றிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ள மாட்டாது என்பதே 1848 உணர்த்தும் பாடமாகும்.